மார்க்கண்டருக்கு இரண்டாம் முறை சொன்னது

2024 மார்ச் 4, திங்கள்
மருத்துவ மாணவர்கள் இருவர் வந்தார்கள். துஷாந்தி, மிரோஜன். இரண்டு வாரம் இந்தத் தீவு ஆஸ்பத்திரியில் என்னோடு இருப்பார்கள். நோயாளரோடு கதைப்பது எப்படி என்று நான் கற்பிக்க வேண்டும். பதினெட்டு வருடம் டொக்டராக இருக்கிறேன் என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி எனக்கில்லை.

மார்ச் 5, செவ்வாய்
முழங்கால் நோவோடு வந்த இரஞ்சிதம் அக்கா கதிரையில் இருக்க முன்னமே துஷாந்தி சொன்னாள்: "உங்கட கஷ்டம் எனக்கு விளங்குது."
"என்னெண்டு பிள்ளை? நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே."
மிரோஜன் சிரித்துவிட்டான். நானும்தான்.

மார்ச் 7, வியாழன்
சலரோக, அதாவது நீரிழிவு, கிளினிக். சரியான சனம். கிளினிக்குக்கு வரும் தோட்டக்காரர் மார்க்கண்டரின் வாய்ப்புண் பரிசோதனை முடிவு வந்திருந்தது. புற்றுநோய், ஆரம்ப நிலை, வெட்டி எடுத்தால் மாறிச் சுகமாகும். மருந்து கொடுக்கும் இடத்தில், மாணவர்களும் கூட நிற்க, அவரைக் கண்டேன், சொன்னேன், கடிதத்தைக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போகவேண்டும். "ஓம் டொக்டர்" என்றார். ஒரு நிமிடமும் எடுக்கவில்லை.

மார்ச் 13, புதன்
தெல்லிப்பழைக்குப் போன் எடுத்துக் கேட்டேன். மார்க்கண்டர் நேற்று அங்கே போகவில்லை.
"பயந்திட்டார் போல" என்றேன்.
துஷாந்தி மேசையைப் பார்த்தபடி சொன்னாள்: "மேடம், நீங்கள் அவரை நிக்க வைச்சுத்தான் சொன்னனீங்கள். சுத்திவர ஆக்கள். விளங்கினதோ எண்டும் கேக்கேல்லை."
கோபம் வந்தது. அண்டைக்கு எவ்வளவு சனம் — இவளுக்கு என்ன தெரியும்?
இல்லை. அவள் சொன்னது சரி. இத்தனை வருடமும் இப்படித்தான் சொன்னேனா? எத்தனை பேருக்கு?

மார்ச் 14, வியாழன்
பின்னேரம் மூவரும் மார்க்கண்டரின் ஊரான இறுப்பிட்டிக்குப் போனோம். மார்க்கண்டர் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். வரம்பிலேயே இருந்தோம்.
"ஐயா, அண்டைக்கு நான் சொன்னதில உங்களுக்கு என்ன விளங்கினது?"
விரல்களில் ஒட்டிய சேற்றை ஒவ்வொன்றாகத் துடைத்தார். மிரோஜன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். துஷாந்தி அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள்.
"புற்றுநோய் எண்டனீங்கள். பிறகு ஒண்டும் காதில விழேல்லை. சாகத்தானே போறன், ஏன் மகளை அலைக்கழிக்கவேணும் எண்டு விட்டிட்டன்."
"இது வெட்டி எடுத்தா மாறும் ஐயா. சின்னனா இருக்கேக்கயே கண்டிட்டம்."
"அதை ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"
சொன்னேன். அவருக்குக் கேட்கும்படி சொல்லவில்லை.
"பிழை என்னில" என்றேன். மாணவர்கள் முன்னால் இதுவரை நான் சொல்லாத வார்த்தை.
அவர் மகள் பிரியதர்சினியைக் கூப்பிட்டார். அவளுக்கு எதுவும் தெரியாது. "நீங்களே சொல்லுங்கோ. எனக்கு ஏலாது" என்றார்.
பொழுதுபடும்வரை இருந்தோம்.

மார்ச் 15, வெள்ளி
மாணவர்கள் போய்விட்டார்கள். 'ஆசிரியரின் பிழையை முகத்துக்கு நேரே சொன்னார்' என்று எழுத மதிப்பீட்டுப் படிவத்தில் இடமில்லை. ஓரத்தில் எழுதினேன்.

மார்ச் 19, செவ்வாய்
காலை ஆறரைக்கு மார்க்கண்டரின் போன்.
"என்ன ஐயா?"
"ஒண்டுமில்லை டொக்டர். நானும் மகளும் தெல்லிப்பழைக்குப் பஸ் ஏறீட்டம். அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."