பலகைச் சுவரும் என் பெட்டிசமும்

1932 மார்ச் 7, திங்கள்
மழை இல்லை. வாவி வற்றிக் கரை தெரிகிறது. காலையில் இரண்டு வீட்டு வரைபடம் கீறி முடித்தேன்.
சிவகுரு கட்டடங்களை மேற்பார்க்கும் ஓவசியராகி இன்றோடு ஒரு மாதம். முனிசிப்பல் கந்தோரில் படம் கீற நான் வந்து பதினொரு வருடம். அவன் வந்து இரண்டு. அந்த வேலை எனக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். இஞ்சினியர் துரை மட்டும், உமக்குக் கை நல்லது, மேசையிலேயே இரும் என்றுவிட்டார்.
வாங்கவேண்டியது: லாம்பெண்ணெய், மனைவி பார்வதிக்கு இருமல் மருந்து.

மார்ச் 9, புதன்
சந்தைக்குப் பின்னால் உள்ள குறுகிய ஒழுங்கையில் ஹனிபா முதலாளியின் வாடகை அறைகள். ஆறு குடும்பம். வெளிச் சுவர் முழுக்கப் பலகை. ஒட்டினாற்போல் பேக்கரியின் விறகுக் கொட்டில். பலகையைக் கழற்றிச் செங்கல்லில் கட்டவேண்டும், கூரைக்கு மேலேயும் ஒரு முழம் எழுப்பவேண்டும் என்று சிவகுரு எழுதிக் கொடுத்திருக்கிறான். விதி அதுதான், நெருப்புத் தாவக்கூடாது. அந்த விதியை அவனுக்கு விளக்கியவன் நான்.
முதலாளி கந்தோருக்கு வந்தார். "அக்குறணைல எங்கட வாப்பாட கடையே பலகைதான் தம்பி. அம்பது வருசமா நிக்குது."
"நிக்கும் முதலாளி. எரியேக்கை நிக்காது," என்றான் சிவகுரு.
எல்லாரும் சிரித்தார்கள், முதலாளியும். கட்டச் சம்மதித்துவிட்டார். எனக்கென்றால் அப்படி ஒரு பதில் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் தோன்றும்.

மார்ச் 12, சனி
சாப்பிடும்போது பார்வதி: "சிவகுரு நல்ல மனுசன் என்ன. வாடகைச் சனத்துக்காக நிக்கிறார்."
சோற்றைப் பாதியில் வைத்தேன். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 14, திங்கள்
பெட்டிசம் போட்டேன். துரைக்கு. பெயர் இல்லாமல், இடக்கையால் எழுதின புகார். செங்கற்சூளைக்காரனிடம் 70 ரூபாய் கை நீட்டி வாங்கிவிட்டுத்தான் ஓவசியர் செங்கல் செங்கல் என்கிறார் என்று. பொய். தபாற்பெட்டியில் போட்டபின் நல்ல பசி.

மார்ச் 17, வியாழன்
விசாரணை முடியும்வரை சுவர் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார் துரை. பெரும்பகுதி கட்டியாயிற்று. கடைசி அறை இருக்கும் கோடி மட்டும் இன்னும் பலகை.
சிவகுரு துரையின் அறையில் அரை மணி நேரம். நின்றபடி. வெளியே வந்து என் மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தான். முகம் செத்துப்போயிருந்தது.
எனக்குச் சந்தோசம். இங்கேயாவது உள்ளதை எழுதவேண்டும்.

மார்ச் 21, திங்கள்
பின்னேரம் மூன்று மணி. விறகுக் கொட்டில் பற்றிவிட்டது என்று கத்திக்கொண்டு வந்தார்கள். கந்தோரே ஓடியது.
செங்கல் நின்றது. கறுத்ததுதான். அதன் பின்னால் ஐந்து அறையிலும் ஒரு பாய்கூட எரியவில்லை. அதைப் பார்த்து முதலில் எனக்கு வந்தது ஏமாற்றம்.
பிறகு பலகைக் கோடி கடுதாசி மாதிரிப் பற்றியது. அது தையற்காரர் மாரிமுத்துவின் அறை. அவர் மனைவி செல்லம்மா கைக்குழந்தையோடு வெளியே வந்தாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு இரண்டு கையும்.

மார்ச் 23, புதன்
ஆஸ்பத்திரி. தோடம்பழம் நாலு கொண்டுபோனேன். செல்லம்மாவுக்கு முழங்கைவரை கட்டு.
"ஓவசியர் ஐயா அப்பவே சொன்னாருங்க. யாரோ பெட்டிசம் போட்டு நிறுத்திப்புட்டாங்க. நேத்து வந்து ரொம்ப நேரம் இருந்துட்டுப் போனாரு. நீங்க அவருகூட வேல பாக்குறீங்களா?"
ஓம் என்றேன்.
அந்தக் கட்டிலருகிலும், எனக்கு முந்தி வந்துவிட்டானே என்று எரிச்சல். நான் என்ன மனிதன்.

மார்ச் 25, பெரிய வெள்ளி
லீவு. சிவகுரு வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கோப்பி தந்துவிட்டு உள்ளே போனாள். நான்தான் எழுதினது என்றேன்.
"தெரியும் அண்ணை."
"எப்பிடி?"
"துரை பெட்டிசத்தைக் காட்டினவர். அதிலை 70 எண்டு இருந்தது. ஏழுக்கு நடுவிலை கோடு போடுறது கந்தோரிலை நீங்கள் ஒராள்தான்."
"ஏன் சொல்லேல்லை?"
"அந்தக் கோடியை முடிக்க விடுங்கோ எண்டு கெஞ்சிக்கொண்டு நிண்டன். எழுதினவன் ஆரெண்டதிலை அப்ப என்ரை மனம் போகேல்லை." கோப்பையை என் பக்கம் நகர்த்தினான்: "இனியும் நான் சொல்லமாட்டன். துரைக்கு நீங்கள் சொல்லுங்கோ. செல்லம்மாவுக்கும்."
கோப்பி ஆறிவிட்டது. குடித்தேன்.

மார்ச் 29, செவ்வாய்
வெயில். பார்வதிக்கு விடியவே சொன்னேன். என் சட்டையை ஸ்திரி போட்டு வைத்தாள்.
துரை முழுவதும் கேட்டார். மாத முடிவோடு எனக்கு வேலை இல்லை. சிவகுரு மேல் விசாரணை இல்லை. நாளை மேசன்மார் திரும்ப வருகிறார்கள்.
அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. செல்லம்மாவிடம் சொன்னேன். கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தாள்.
"அவரு தைக்கிற சட்டைக்குப் பித்தான் தைக்கிறதெல்லாம் நான்தாங்க," என்றாள். "வெரலு மடங்குமான்னு டாக்டரு இன்னும் சொல்லல."
பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவுமில்லை. நோயாளரைப் பார்க்கும் நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை நின்றேன்.