பச்சை எனாமல் அடித்த நடுகல்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. கரண்ட் இல்லை. செய்ய வேண்டியவை:
— இடைக்கால அறிக்கை. ஆங்கிலத்தில், நாலு பக்கத்துக்குள்.
— பேனர். நிதி தருகிறவர்களின் சின்னம் பெரிதாக, எங்களுடையது சிறிதாக.
— தலைவரிடம் கையெழுத்து.
— துணி. ஊறப்போட்டு மூன்று நாள்.

எங்கள் அறக்கட்டளையின் தலைவர் பல் டாக்டர். எப்போது போனாலும் யாராவது வாயைத் திறந்தபடி படுத்திருப்பார்கள். இன்றும். "இந்தத் தடவ எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போட்டுக் கொடுத்தார். செயலாளர், டைப்பிஸ்ட், பியூன் எல்லாம் நான் ஒருத்திதான்.

திட்டம் என்னவென்று சில நாள் எனக்கே மறந்துபோகிறது. நடுகல் இருக்கிற ஊர்களில் மக்களைக் கூட்டி, கல்லில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டி, அதைப் பற்றிப் பேசவைப்பது. அவ்வளவுதான். இதற்கு விண்ணப்பம் இருபத்திரண்டு பக்கம். முதல் கூட்டம் வெள்ளிக்கிழமை, நல்லம்பள்ளிப் பக்கத்து ஊரில். நிதி நிறுவனத்திலிருந்து ப்ரோகிராம் ஆபீசர் நேரில் வருகிறார். இனி ப்ரோ.ஆ. அவருக்குத் திருப்தி என்றால் இன்னும் பத்து ஊர். இல்லையென்றால் இதோடு கடை மூடல்.

மார்ச் 4, செவ்வாய்

ஊருக்குப் போய் வந்தேன். கல் முனியம்மா அக்காவின் நிலத்தில், புளியமரத்தடியில். கையில் வில்லோடு ஓர் ஆள், தலைக்கு மேல் நாலு வரி பழைய எழுத்து. ஊர்க்காரர்களுக்கு அது வேடியப்பன் சாமி. எழுத்தின் வாசகத்தை இன்னும் சொல்லவில்லை. கூட்டத்தில் மைக்கில் சொன்னால்தான் எடுபடும்.

"பெரிய ஆபீசர் வராருங்கக்கா. எடம் பாக்க நல்லா இருக்கணும்."

"அத நாங்க பாத்துக்கறோம், நீங்க போங்க மேடம்."

ஒரு வேலையாவது நான் இல்லாமல் நடக்கிறதே என்று நிம்மதி.

திரும்பும் பஸ்ஸில் பின் சீட்டில்: "பையனுக்கு பெங்களூருல வேலயாம். என்னா வேலன்னு அவங்கம்மாளுக்கே தெரில." என் அம்மாவுக்கும் இதே நிலைமைதான்.

மார்ச் 5, புதன்

ப்ரோ.ஆ. புதுப் படிவம் அனுப்பியிருக்கிறார். கேள்வி 14: கூட்டத்துக்குப் பின் மக்கள் சிந்தனையில் ஏற்பட்ட மாற்றத்தை எண்ணில் தருக. கூட்டமே இன்னும் நடக்கவில்லை ஐயா. தலைவலி. இரண்டு டீ. துணியை ஒருவழியாக அலசினேன், நாற்றம் போகவில்லை.

மாலை ஐந்துக்கு, திட்டத்துக்காக நான் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் போட்டோ. அனுப்பியவர் முனியம்மா அக்காவின் கொழுந்தன். லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்.

கல்லுக்கு எனாமல் அடித்திருக்கிறார்கள். உடம்பு மஞ்சள். மீசை கறுப்பு. வில் சில்வர். எழுத்து இருந்த இடம் முழுக்கப் பச்சை. கீழே, "ரெடி மேடம்" என்று கும்பிடும் இரண்டு கை.

அந்தக் குழுவில் ப்ரோ.ஆ.வும் இருக்கிறார். சேர்த்தது நான்தான். எனக்குத் தேவைதான்.

மார்ச் 6, வியாழன்

ஒன்பதுக்கே ப்ரோ.ஆ. போன். சென்னைக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் இன்னும் எரிச்சல்.

"ஹெரிடேஜ் டேமேஜ் மேடம். நாளைக்கு விசிட் கேன்சல். என்ன நடந்ததுன்னு நாளைக்குள்ள ஒரு ரிப்போர்ட் குடுங்க."

"சார், அவங்க மரியாதைக்குத்தான்..."

"புரியுது மேடம். கிராம மக்களோட அறியாமையால நடந்துடுச்சுன்னு ஒரு வரி போடுங்க. உங்க டிரஸ்ட் மேல வராது. கிராண்ட்டும் தப்பிச்சிடும்."

போட்டேன். டைப் செய்ய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டாக்டரிடம் போனில் வாசித்தேன். "நல்லதாப் போச்சு, அனுப்பிடு." போட்டோ மட்டும் பாக்கி. நாளை எடுத்து, சேர்த்து அனுப்ப வேண்டும்.

யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. எல்லார் மேலும்.

மார்ச் 7, வெள்ளி

பத்து மணிக்கே அனல். முனியம்மா அக்கா மரத்தடியில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார். புதுச் சேலை. ஆபீசர் வரவில்லை என்றதும் முகம் வாடிவிட்டது.

"பெயிண்டு நல்லா இல்லீங்களா? எங்க கொழுந்தன் லாரி வேலய வுட்டுட்டு அடிச்சானுங்க."

"நல்லாத்தான் இருக்குதுக்கா. மேல எழுத்து இருந்துச்சே, அது மறஞ்சிருச்சு."

"கோடு கோடா இருந்துச்சே, அதுங்களா?"

"ஆமா. இவரு பேரு சாத்தன். ஊரு மாட்ட ஓட்டிட்டுப் போனவங்கள தொரத்திட்டுப் போயி, மாட்ட மீட்டுட்டு செத்துட்டாருன்னு எழுதியிருந்துச்சு."

புளி உடைத்த கை நின்றுவிட்டது.

"வேடியப்பனுக்குப் பேரு இருக்குதா?"

வீட்டுப் பக்கம் திரும்பிக் கொழுந்தனைக் கத்திக் கூப்பிட்டார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். மைக் இல்லை, பேனர் இல்லை.

"மாடெல்லாம் வந்துருச்சுங்களா?" கொழுந்தன்.

"வந்துருச்சுன்னுதான் எழுதியிருந்துச்சு."

அவர் பச்சையைத் தடவிப் பார்த்தார். "சொல்லியிருந்தீங்கன்னா எழுத்த வுட்டுட்டு அடிச்சிருப்பனே மேடம். லாரில அத்தன பேரு எழுதறேன், இவுரு பேர எழுத மாட்டனா?"

"உங்களுக்கு எப்பத்துலருந்து தெரியும்?" முனியம்மா அக்கா கேட்டார்.

"போன வருசமே."

"போன வருசமேவா?"

அவ்வளவுதான் கேட்டார். குனிந்து மறுபடி புளியை எடுத்துக்கொண்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. விண்ணப்பத்தில் எழுதி முன்பின் தெரியாத ஆட்களுக்கெல்லாம் அனுப்பினேன். கல் நிற்கிற நிலத்துக்காரிக்குச் சொல்லத் தோன்றவில்லை.

பஸ் ஸ்டாப்பில் போனிலேயே அறிக்கையைத் திறந்தேன். அறியாமை வரியை அழித்தேன். பதிலுக்கு: "கல்லில் எழுதியிருப்பது அறக்கட்டளைக்கு ஒரு வருடமாகத் தெரியும். ஊருக்குச் சொல்லவில்லை. பெயிண்ட் அடித்ததற்கு நாங்களே பொறுப்பு."

அனுப்பிவிட்டேன். டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை.