மொராவியாவில் திறந்து கிடக்கும் வளைவுகள்

கஸ்தேனோ, லுகானோ ஏரிக்கரை
1561, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள்

அன்பு மகன் பெர்னார்தினோவுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலும் என் கோபமும் நீங்கலாக. முழங்காலுக்கு ஆட்டுக் கொழுப்பைக் காய்ச்சித் தடவுகிறோம், கோபத்துக்கு மருந்து இந்தக் கடிதம்தான். நீ அந்தப் பனி தேசத்தில் இருமல் சளி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்த வருஷம் கஷ்கொட்டை நன்றாகக் காய்த்தது, பரணில் இடம் போதாமல் உன் பழைய கட்டிலின் மேலும் கொட்டி வைத்திருக்கிறோம். ஊரில் இது கல்யாணக் காலம். வேலைக்குப் போன ஆண்கள் வீட்டில் இருக்கிற இந்தக் குளிர்காலத்துக்குள்தானே நம் ஊர் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும், பாதிரியார் வரிசையாகக் கல்யாணம் செய்து வைத்துத் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறார். வழக்கம்போல் அக்டோபரில் வீட்டுக்கு வீடு தொட்டில் ஆடும். ஒரே மாதத்தில் ஊரே பிறந்தநாள் கொண்டாடுவது உலகத்தில் இங்கே மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மேஸ்திரி கிளெமெந்தே நவம்பரில், மார்ட்டின் திருநாளுக்கு முந்தின நாள் மொராவியாவிலிருந்து ஆட்களோடு வந்து சேர்ந்தார். இந்த மூன்றாவது குளிர்காலமும் நீ வரவில்லை, உன் கடிதம்தான் வந்தது. பிரபு காட்டான், அவருடைய மாளிகையில் நான் எழுப்பிய வளைவுத் தாழ்வாரத்தைச் செங்கல் வைத்து அடைக்கச் சொல்கிறார், இத்தாலியில் பார்த்தது மாதிரியே வேண்டும் என்று கேட்டவரே அவர்தான், என் கையால் அதைச் செய்யமாட்டேன், குளிர் விட்டதும் உளியை எறிந்துவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன், படித்ததும் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. பிரபு நாசமாய்ப் போகட்டும், என் பிள்ளை வீட்டுக்கு வருகிறான் என்றுதான் நினைத்தேன். உன் மனைவி ஓர்சொலா அன்றைக்கே உன் மெத்தையைப் பிரித்து வைக்கோல் மாற்றினாள். உன் கட்டிலில் இருந்த கஷ்கொட்டையை எங்கே கொட்டுவது என்று எங்கள் இருவருக்கும் சண்டைகூட வந்தது.

கிறிஸ்துமஸ் அன்று கிளெமெந்தேயைச் சாப்பிடக் கூப்பிட்டேன். ஒயின் இரண்டாவது குவளை இறங்கியதும்தான் அவர் வாயைத் திறந்தார். "அக்கா, உன் பையன் எழுதுன மாதிரி அந்தப் பிரபு ஒண்ணும் ராட்சசன் இல்லக்கா. சமையக்கட்டு ஒரு கோடியில இருக்கு, சாப்பாட்டுக் கூடம் மறு கோடியில இருக்கு, நடுவுல பெர்னார்தினோ கட்டுன தாழ்வாரம். ஒரு பக்கம் பூரா தொறந்து கெடக்கு. சூப்பு போய்ச் சேரும்போது அதுல கரண்டிய நட்டா நிக்கும். அதக்கூட அந்த மனுஷன் சிரிச்சிக்கிட்டுத்தான் குடிச்சாரு" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, போன பெப்ரவரியில் தட்டு தூக்கிப்போன வேலைக்காரப் பெண், லுத்மிலா என்று பெயர், தரையில் உறைந்திருந்த பனியில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்துவிட்டது, இனி அவள் கோல் இல்லாமல் நடக்கப்போவதில்லை, அதற்குப் பிறகுதான் பிரபு அடைக்கச் சொன்னார் என்றார். நீ முடியாது என்று முரண்டு பிடித்ததில் இந்தக் குளிர்காலமும் தாழ்வாரம் திறந்துதான் கிடக்கிறதாம்.

பெர்னார்தினோ, உன் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். தூணின் உயரம் எவ்வளவு, பருமன் எவ்வளவு, ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடைவெளி எவ்வளவு, வெயில் சாய்ந்து விழும்போது நிழல் எப்படி விழுகிறது, எல்லாம் இருந்தது. லுத்மிலாவைப் பற்றி ஒரு வரி இல்லை. என் கோபம் இதுதான். பிரபு மேல் இருந்ததெல்லாம் திரும்பி உன் மேல் வந்துவிட்டது.

உன் அப்பா உன் கட்சி. அவர் இளவட்டமாக இருந்தபோது கிராக்கோவில் ராஜாவின் மாளிகையில் கல் செதுக்கியவர் ஆயிற்றே, அந்தத் திமிர் முழங்கால் போனாலும் போகவில்லை. "அடைச்ச வளைவு, கண்ணு அவிஞ்ச முகம்டி. கிராக்கோவிலயும்தான் பனி கொட்டுது. அங்க எவன் அடைச்சான்?" என்று மேசையைத் தட்டினார். ராஜா வீட்டில் சூப்பு தூக்குகிறவள் விழுந்தால் உங்களிடம் வந்தா சொல்லுவார்கள் என்று நான் கேட்டேன். அன்று பூராவும் என்னோடு பேசாமல் அடுப்படிப் பூனையோடு பேசிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கட்டிய ஒரு கட்டடத்தையும் நான் பார்த்ததில்லை. நான் மட்டுமா, நம் ஊரில் எந்தப் பெண் பார்த்திருக்கிறாள்? ஏர் பிடிப்பதும் விறகு சுமப்பதும் ஊர்க் கணக்கு வழக்கும் நாங்கள், அரண்மனை கட்டுவது நீங்கள். குளிர்காலத்தில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து நீங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே எனக்கு இதெல்லாம் தெரியும். ரோமாபுரியில் பழைய காலத்துத் தூண்களும் வளைவுகளும் இடிந்து கிடந்தன, ஆடு மாடு மேய்ந்தது, பளிங்கை உடைத்துச் சுண்ணாம்புக்குச் சுட்டார்கள். ஃபிளாரன்ஸ்காரர்கள் சிலர் கயிறும் கோலுமாகப் போய் அதையெல்லாம் அளந்தார்கள், பார்த்த சனம் புதையல் தோண்டுகிறார்கள் என்று நினைத்ததாம். அளந்து வந்தவர்கள் ஊர் திரும்பிக் கட்டிய முதல் தாழ்வாரங்களில் ஒன்று, பெற்றவர்கள் போட்டுவிட்டுப் போகும் குழந்தைகளுக்கான இல்லத்தின் முகப்பு. உன் முப்பாட்டனார் அங்கே கல் சுமந்தார் என்று நம் வீட்டில் பெருமையாகச் சொல்வார்களே, அதுதான். மெல்லிய தூண், அதன் மேல் அரைவட்ட வளைவு, வரிசையாக. பார்க்க அழகாக இருந்திருக்கும். ஆனால் அது எதற்காக? மழையில் கைக்குழந்தையோடு வந்து நிற்கிறவள் நனையாமல் இருக்கத்தானே?

அதற்குப் பிறகு யாரைத்தான் அந்தப் பித்து விட்டது. ஒரு பிரபு கட்டினால் பக்கத்துப் பிரபுவுக்குத் தூக்கம் வராது. மிலான்காரன் கேட்டான், வெனிஸ்காரன் கேட்டான், ஹங்கேரி ராஜா ஆள் அனுப்பினான், உன் தாத்தா பூடாவுக்குப் போனார். பிரெஞ்சு ராஜா சண்டை போட வந்து, திரும்பும்போது கொத்தனார்களையும் கல்தச்சர்களையும் கூட்டிக்கொண்டு போனான். உன் அப்பா கிராக்கோவுக்குப் போனார். நீ மொராவியாவுக்கு. ஃபிளாண்டர்ஸில் யாரும் எங்கேயும் போவதே இல்லையாம், தூண் படம் போட்ட புத்தகம் அச்சடித்து விற்கிறார்களாம், அதைப் பார்த்து அவரவர் வீட்டு முகப்பில் ஒட்டவைக்கிறார்களாம், கிளெமெந்தே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நீங்கள் இதைப் புதிய பாணி பரவுகிறது என்பீர்கள். எங்களுக்கு அது சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு குறைவது. பாணி எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தாமதமாகப் புருஷன் வீடு வருவான். பூடாவில் உன் தாத்தா செய்ததெல்லாம் துருக்கியர் கைக்குப் போய்விட்டது, நிற்கிறதா விழுந்ததா தெரியாது. சாகும்வரை அதைப் பற்றியேதான் கேட்டுக்கொண்டிருந்தார், பாட்டியைப் பற்றிக்கூட அவ்வளவு கேட்கவில்லை.

ஆனால் ஒன்று கவனித்தேன். போன இடத்தில் எல்லாம் அது மாறித்தான் இருக்கிறது. கிராக்கோவில் பனி வழுக்கி விழ வேண்டும் என்று கூரையைச் செங்குத்தாக ஏற்றினோம், மேல் வரிசைத் தூணை ஒட்டகக் கழுத்து மாதிரி நீட்டினோம் என்று உன் அப்பாவே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பிரான்சில் மொட்டை மாடிக்குப் பதில் புகைபோக்கியாக முளைத்திருக்கிறதாம். ரோமாபுரிக்காரன் கூத்துப் பார்க்கக் கட்டிய வளைவை ஃபிளாரன்ஸ்காரன் குழந்தைகளுக்குக் கட்டினான், அவனை யாரும் காட்டான் என்று சொல்லவில்லையே. மொராவியாக்காரன் மட்டும் குளிருக்கு அடைக்கக் கூடாதா? ஊரோடு ஒத்து வாழ் என்பது மனுஷனுக்கு மட்டும் சொன்னதா, அவன் கட்டுகிற வீட்டுக்கும்தானே?

வா என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். இப்போது வராதே என்று எழுதுகிறேன். இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உனக்குத் தெரியாது, இந்த இடத்தில் மை ஊறியிருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள். கிளெமெந்தே உனக்காக வாக்குக் கொடுத்திருக்கிறார், பாதியில் நீ கிளம்பினால் அந்தச் சீமையில் கஸ்தேனோக்காரனுக்கு இனிமேல் ஒரு செங்கல்கூடத் தரமாட்டார்கள், அது ஒரு பக்கம். அதைவிட, இப்படிக் கோபித்துக்கொண்டு வந்தால் நீ முழுதாக வரமாட்டாய். உடம்பு இங்கே ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும், மனசு மொராவியாவில் அந்தப் பிரபுவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அப்படி ஒரு புருஷனுக்காகவா ஓர்சொலா மெத்தை தைத்தாள்? நீ வந்த பிறகும் அங்கே யாராவது ஒருத்தி தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பனியில் நடந்துதான் ஆக வேண்டும்.

உன் மகள் ஃபியோராவைப் பற்றிச் சொல்கிறேன். மார்ட்டின் திருநாளுக்கு முந்தின நாள் ஆண்கள் படகில் வந்து இறங்கியபோது ஊர்க் குழந்தைகள் எல்லாம் அவரவர் அப்பனிடம் ஓடின. இவளும் ஓடினாள். கிளெமெந்தேயின் காலைக் கட்டிக்கொண்டு "நீதான் எங்கப்பாவா?" என்றாள். இல்லை என்றதும் அடுத்தவரிடம் போய்க் கேட்டாள். அவருக்கு அடுத்தவரிடமும் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் என் தட்டை அப்படியே பூனைக்கு வைத்துவிட்டேன்.

போன வாரம் ஓர்சொலாவைக் கூப்பிட்டு, மொராவியாவுக்குப் போகிறாயா என்று கேட்டேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "அத்தை, அவரு வளைவ மூடுனா என்ன, தொறந்து வச்சா என்ன, எனக்கு என் புருஷன் வேணும். நீங்க கேக்கமாட்டீங்களான்னுதான் ரெண்டு வருஷமா காத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். பார், ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை. செய்தி துணி துவைக்கிற துறைக்குப் போனதும் ஊரே கூடிவிட்டது. பொம்பளைகள் கிளம்பினால் கழனியை யார் பார்ப்பது, நாளைக்கு எங்கள் மருமகளும் கேட்பாளே என்று ஆளுக்கொரு பேச்சு. பாதிரியாரே வீட்டுக்கு வந்து, இது நம்ம ஊர் வழக்கம் இல்லையேம்மா என்றார். "ஆமா சாமி, நம்ம ஊர் ஆம்பளைங்க ஊர் ஊராப் போயி அடுத்தவங்க வழக்கத்த மாத்திக் கட்டுறதுதான் பொழப்பு. நம்ம வழக்கத்துல மட்டும் ஒரு கல்ல நகட்டக் கூடாதா?" என்றேன். தொண்டை கட்டியிருந்ததால் அவர் மேலே வாதாடவில்லை. உனக்கு என் வாய்தான் வந்திருக்கிறது, அதை நல்லதுக்குப் பயன்படுத்தக் கற்றுக்கொள்.

ஆகவே மார்ச்சில் சூசையப்பர் திருநாள் கழிந்து கிளெமெந்தே கிளம்பும்போது ஓர்சொலாவும் ஃபியோராவும் அவரோடு வருகிறார்கள். கணவாய் வரை கோவேறு கழுதை, பிறகு இன் என்கிற ஆற்றில் படகு, வியன்னாவிலிருந்து வண்டி. இந்தக் கடிதம் பட்டு வியாபாரி கையில் முன்னால் வருகிறது. தாழ்வாரத்தை ஒழுங்காக அடைத்துக் கொடுத்தால் மாளிகையின் மற்றப் பகுதி வேலையையும் உனக்கே தந்து, அந்தத் தாழ்வாரத்தின் கோடியிலேயே இரண்டு அறை விடுவதாகப் பிரபு சொன்னார் என்று கிளெமெந்தே சொல்கிறார். அதையும் நீ எழுதவில்லை. நானும் உன் அப்பாவும் தனியாகக் கிடப்போமே என்று யோசிக்காதே. அழுவேன், அழுதுவிட்டு ஆட்டுக்குத் தழை போடுவேன். ஃபியோராவின் சத்தம் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கப்போவதில்லை, ஆறுதல் சொல்லி எழுதாதே, கோபம்தான் வரும்.

இதைக் கேள், நேற்று உன் அப்பா அடுப்புக் கரியை எடுத்து மேசை மேலேயே படம் போட்டுக்கொண்டிருந்தார். "சுவரத் தூணோட ஒட்டி வைக்காம ஒரு முழம் உள்ள தள்ளி வைக்கச் சொல்லு. தூண் தூணாவே நிக்கும், வளைவும் வளைவாவே தெரியும். நடுவுல அந்த ஊரு வட்டக் கண்ணாடி பதிச்சா வெளிச்சமும் வரும். நான் சொன்னேன்னு எழுதாத" என்றார். எழுதிவிட்டேன்.

ஓர்சொலாவிடம் உனக்கு இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை, உலர்ந்த கஷ்கொட்டை, ஆட்டுப் பாலாடைக்கட்டி கொடுத்துவிடுகிறேன். காலுறையில் ஒரு ஜோடி லுத்மிலாவுக்கு, அதை நீயே உன் கையால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது மன்னிப்புக் கேட்க வேண்டும். ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. சாரத்தில் ஏறும்போது வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும். ஆண்டவரும் மாதாவும் உன் கையையும் கண்ணையும் காப்பார்கள், நீங்கள் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நீண்ட காலம் நன்றாக இருப்பீர்கள். ஃபியோரா ஓரிடத்தில் நிற்கமாட்டாள், விடிந்ததும் வெறுங்காலோடு ஓடுவாள், நீளமான இடம் எதைக் கண்டாலும் ஓடுவாள், நெஞ்சில் சளி சட்டென்று கட்டிக்கொள்ளும். அடுத்த பனி விழுவதற்குள் அந்த வளைவுகளை அடைத்துவிடு.

உன் அம்மா
அப்பொலோனியா