நல்ல காற்றுக்கு வந்த இடம்

அன்புள்ள பெரியவனுக்கு,

வாசலில் நிற்கிற இரண்டு பேரையும் முதலில் உள்ளே கூப்பிட்டு உட்கார வை, தண்ணீர் கொடு, அப்புறம் இதைப் படி. நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், மற்றவர்களைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நானும் எல்லாம் நல்லா இருக்கு என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன்.

மரம் அறுக்கிற மில்லில் தூளைச் சுவாசித்தே அப்பாவுக்கு நெஞ்சு கெட்டதும், நல்ல காற்று இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள் என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். நீயும் போங்கப்பா என்றுதான் சொன்னாய், உன்னைக் குறை சொல்லவில்லை, நானும்தான் தலையாட்டினேன். காற்று இங்கே நல்ல காற்றுதான். ஆனால் அந்த மனிதர் பிழைப்புக்கென்று பிடித்தது கோழிப்பண்ணை. கோழிக்கு அடியில் என்ன பரப்புகிறார்கள் தெரியுமா, மரத்தூள். மூட்டை மூட்டையாக வந்து இறங்கியபோது, விட்டுவிட்டு வந்த சனியன் லாரி ஏறிப் பின்னாலேயே வந்துவிட்டதே என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. இப்போது வரவில்லை. எச்சமும் சேர்ந்து காய்ந்து, கிளறினால் கண்ணைக் கரிக்கிறது. அப்பாவால் கொட்டகைக்குள் நிற்க முடியவில்லை, அதனால் சின்னவன் போகிறான். முதலில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு போனான், இப்போது பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கே போவதில்லை. பதினாலு வயது. கேட்டால் அப்பா பாவம்மா என்கிறான். கொஞ்ச நாளாக இருமுகிறான். இத்தனை வருஷம் அப்பாவின் இருமலைக் கேட்டவள் நான், அன்றைக்குப் பக்கத்து அறையில் இருமுவது அப்பாவா பிள்ளையா என்று எனக்கே தெரியவில்லை.

அப்பாவிடம் சொன்னேன், வெறும் சளி, இந்த ஊர்ப் பிள்ளைங்க செய்யாததையா இவன் செய்யறான் என்றார். விற்றுவிடலாம் என்றேன், திரும்பிப் போய் எந்த மூஞ்சியைக் காட்டறது என்றார். கெட்டவர் இல்லையடா. நெஞ்சுக்காக எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்து, அதுவும் தப்பாகப் போயிற்று என்று அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

உன் தங்கை கதை வேறு. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பஸ் வழியில் நின்றுபோய் ஒருநாள் இருட்டில் தனியாக நடந்து வந்தாள், அதோடு அப்பா படிப்பை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு எதிரில்தான் பஸ் வந்து நின்று திரும்பும். தினம் சாயங்காலம் ஏறி ஜன்னல் ஓரம் உட்காருவாள், டிரைவர் வண்டியைக் கிளப்பினால் இறங்கி வந்து அரிசி களைவாள். கண்டக்டர் முதலில் கேலி பண்ணினார், இப்போது அவரும் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார். இன்றைக்கு இறங்காதே, தம்பியையும் கூட்டிக்கொண்டு போ என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். நீ வரலையாம்மா என்று கேட்டாள், திரும்பி உட்காரு என்று தலை பின்னிவிட்டேன்.

அப்பா தீவனம் வாங்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் வீடு ரெண்டுபடும், அது என் பாடு. உனக்குப் போன் போட்டுக் கத்துவார், எதிர்த்துப் பேசாதே, ஆனால் பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிடாதே. மருமகளிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல், இடத்தை அடைக்கிற பிள்ளைகள் இல்லை, இருக்கிற மூலையில் இருந்துகொள்வார்கள். சின்னவனை நாளைக்கே நெஞ்சு டாக்டரிடம் காட்டு, அப்பாவுக்கு என்ன ஆனது என்பதையும் மறக்காமல் சொல். தங்கையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் ஒன்றாக இருந்தால் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

அண்ணன் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வரத்தான் போகிறோம் என்று சின்னவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், நீதான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். பையைக் கட்டும்போதும், அம்மா நீ கொட்டகைக்குள்ள போகாதே, நான் வந்து பாத்துக்கறேன் என்றான். போகமாட்டேன் என்று தன் தலையில் என்னை அடிக்கவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அவன் வீட்டில் தூங்குகிறான், கோழிகள் கத்துகின்றன, நான் கொட்டகைக்குள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவனிடம் சொல்லிவிடாதே.

என்றும் உங்கள் மூவர் நினைவாகவே இருக்கும்
அம்மா