மூன்றாம் கிணற்றின் 7.2

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் (நீர்ப் பரிசோதனைக் கூடம்),
கடைசி வீடு, மூன்றாம் கிணற்றுத் தெரு.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் அலுவலகம்.

பொருள்: மூன்றாம் கிணற்றின் நைட்ரேட் அளவு பழைய அலகிலிருந்து மாற்றப்படாமல் கணினியில் ஏறியது – மறுபரிசோதனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாற்பதாண்டு மூடிக்கிடந்த மூன்றாம் கிணற்றிலிருந்து திங்கள் முதல் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது. அதன் நைட்ரேட் அளவு லிட்டருக்கு 7.2 மில்லிகிராம் என்று தங்கள் அறிவிப்புப் பலகை சொல்கிறது. வரம்பு ஐம்பது.

2. கிணற்றை மூடும் முன் அந்த 7.2ஐப் பதிவேட்டில் எழுதியவன் நான். அப்போது நாங்கள் லட்சம் பங்குக்கு எத்தனை பங்கு என்றே எழுதுவோம். இன்றைய அலகுக்கு அதைப் பத்தால் பெருக்க வேண்டும்: லிட்டருக்கு 72 மில்லிகிராம். என் கணக்கில் எனக்கே நம்பிக்கை குறைவு என்பதால் ஐந்து முறை போட்டுப் பார்த்தேன். ஐந்து முறையும் எழுபத்திரண்டுதான். கிணற்றை மூடியதும் அதனால்தான் என்று நினைவு. உறுதியாகச் சொல்லத் துணிவில்லை.

3. பிழையில் எனக்கும் பங்குண்டு. முதல் பக்கத்தில் மட்டும் அலகை எழுதி, மற்ற பக்கங்களில் 'மேற்படி' என்று போடுவது என் வழக்கம். முதல் பக்கம் அட்டையோடு ஒட்டிக்கொண்டது. கணினியில் ஏற்றியவர்கள் வெறும் எண்ணைத்தான் கண்டார்கள்.

4. புதனன்று தங்கள் அலுவலகத்தில் இதைச் சொன்னேன். எழுத்தர், "பெரியவரே, ஏழுக்கே இப்படிப் பதறுறீங்களே, அம்பது வரைக்கும் தாங்கும்" என்றார். எனக்கு உரக்கப் பேச வராது, திரும்பிவிட்டேன். வீட்டில் மகளோ, "கொதிக்க வச்சுத்தானேப்பா பால் கலக்குறேன்" என்கிறாள். கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். புட்டிப்பால் குடிக்கும் சிசுவுக்கு உதடு நீலம் பாய்ந்து மூச்சு முட்டலாம். என் பேத்திக்கு மூன்று மாதம். அவளுக்கு மட்டும் இரண்டாம் கிணற்றிலிருந்து சுமந்து வருகிறேன். தெருவில் புட்டிக் குழந்தைகள் இன்னும் நால்வர். இரண்டு வீட்டு வாசல்வரை போய், என் கணக்கு தப்பாக இருந்தால் என்ற அச்சத்தில் கதவைத் தட்டாமல் வந்தேன். அதை நினைத்தால் இருப்புக் கொள்ளவில்லை.

5. எனவே இக்கிணற்று நீர் விநியோகத்தை இன்றே நிறுத்தி, புதிதாகச் சோதிக்க வேண்டுகிறேன். இத்தனை ஆண்டில் அளவு குறைந்திருந்தால் முதலில் மகிழ்பவன் நானே.

6. இன்று காலை, அனுமதி பெறாமல், தெருக்குழாயில் ஓர் அட்டை கட்டியுள்ளேன்: "கைக்குழந்தைகளுக்கு இத்தண்ணீர் வேண்டாம். நைட்ரேட், லிட்டருக்கு 72 மில்லிகிராம்." இம்முறை அலகை முழுதாக எழுதியிருக்கிறேன். இது குற்றமானால் என்மீது நடவடிக்கை எடுங்கள், ஐயா. தண்ணீரை அளந்துவிட்டு எடுங்கள்.

தங்கள் அறைக்கு வெளியே, பெஞ்சில் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: வெள்ளிக்கிழமை, காலை 8 மணி