தாலாட்டாகிப் போன குளவிப் பாட்டு

எலுமிச்சைப்புல் எண்ணெயின் வாசனை இப்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. முன்பு அப்படி இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதை அந்த வாசனையிலிருந்துதான் தொடங்க முடிகிறது.

நானுஓயா ஸ்டேஷனில் வந்து இறங்கிய வெள்ளைக்காரத் தம்பதியை என் வேனில் ஏற்றிக்கொண்டு போய் விட்டேன். விட்ட இடம் நம் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா. இப்போது அது ஹோட்டல். வாசலிலேயே ஈரத் துவாலையை இடுக்கியால் எடுத்து விருந்தாளிகளிடம் நீட்டுகிறார்கள். அதில்தான் அந்த எண்ணெய். நான் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். கூரையில் எங்கோ ஒளித்து வைத்திருந்த ஸ்பீக்கரிலிருந்து புல்லாங்குழல் வந்தது. பிறகு ஒரு பெண் குரல், பாலில் தேனை விட்டுக் கலக்கினது போல:

"படுத்துக்க புள்ள, படுத்துக்க. மூச்சுக் காட்டாத, படுத்துக்க."

அந்த வரி மூன்றாவது தடவை வந்தபோதுதான் அது நம் பாட்டு என்று எனக்கு விளங்கியது. என் கையிலும் யாரோ ஒரு துவாலையைத் தந்திருந்தார்கள். அதை அங்கேயே நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே வந்து, வேலியோரம் காறித் துப்பினேன்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், சொல்லாமல் இருந்தால் அது ஹோட்டல்காரனுடையதாகிவிடும் போலிருக்கிறது. நீ அப்போது பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தாய். அம்மாக்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும், அவர்களுடைய குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒரு நாள் காம்பராவுக்கு மேலே இருந்த மலையில் குளவிக்கூடு கலைந்தது. பெண்கள் நாலாபுறமும் ஓடினார்கள். ஓடக் கூடாது என்று தெரிந்த ஒருத்தி மட்டும் நின்ற இடத்திலிருந்து கத்தினாள்: படுத்துக்க புள்ள, மூச்சுக் காட்டாத. கத்தினது லயத்து வரிசையில் உன் பக்கத்து வீட்டுக்காரி மாரியைப் பார்த்து. மாரி படுக்கவில்லை. பிள்ளை இருக்கிற இடத்தை நோக்கி ஓடி வந்தாள். அவளுடைய பிள்ளை தர்ஷினி அந்த நேரத்தில் உன் மடியில் சோறு தின்றுகொண்டிருந்தது. குளவிகள் பின்னால் வரும் என்று கதவைச் சாத்தச் சொன்னார்கள். நீ சாத்தினாய். மாரி வாசல் வரைக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு பல நாள் நீ யாரோடும் பேசவில்லை. பேசினபோது என்னைத் தேடி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"ஏம்ப்பா, ஒன் கிட்டாருல அந்தக் குளவி எரைச்சல கொண்டாற முடியுமா?"

நாம் நாலு பேரும் பாட்டுக் குழுவாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. சுப நிகழ்ச்சிகளுக்கு நம்மை யாரும் கூப்பிட மாட்டார்கள். கோயில் திருவிழாவில் ஒரு முறை ஏறினோம், இரண்டாவது பாட்டிலேயே கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். ஆனால் பாட்டு கட்டுவதில் நாம் நாலு பேரும் ஒரே ஆள் போல இருந்தோம். விடிகாலையில் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கூப்பிடுகிற தப்பு மேள அடியை டிரம்ஸ்காரன் கொண்டுவந்தான். அவனுடைய தாத்தா தப்பு அடித்தவர். பேஸ் கிட்டார் வாசித்தவனுக்குத் தேயிலை ஃபேக்டரி ஸ்டோரில் மெஷின் வேலை. கொழுந்து அரைக்கிற உருளையின் உறுமலை அப்படியே நாலு கம்பிகளில் இறக்கினான். நான் எதையாவது வாசித்துக்கொண்டிருப்பேன், நீ பிள்ளைகளின் துணியைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டே வார்த்தையைப் போடுவாய். லயத்துக் கக்கூஸைப் பற்றி ஒரு பாட்டு, கொழுந்து நிறுக்கிற தராசைப் பற்றி ஒன்று, மழையில் ஊறின கம்பளியைப் பற்றி ஒன்று. எதிலும் அழகான சொல் ஒன்றுகூட விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டாய்.

குளவிப் பாட்டுக்குத்தான் அதிக நாள் எடுத்தது. அந்த இரைச்சலுக்காக ஆம்பில் சத்தத்தைக் கிழித்துக் கிழித்துப் பார்த்தேன். நீ கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இன்னும் கிட்ட வரணும்" என்பாய். ஒரு நாள் நான் தாழ்ந்த கம்பியை அதிரவிட்டு ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றேன். நீ எழுந்து வெளியே ஓடி வாந்தி எடுத்தாய். திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "இதுதான்" என்றாய்.

ஹட்டனில் ஜெரோமுடைய ஸ்டுடியோவில் நாலு பாட்டையும் பதிவு செய்தோம். ஜெரோம் அன்றைக்கே சொன்னான், "தங்கச்சி, கோரஸ கொஞ்சம் எறக்கிப் பாடுங்க. மெட்டு நல்லா இருக்கு, கெடுத்துக்காதீங்க." நீ அவனைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. "அந்தக்கா பாடலங்க. கத்துனாங்க," என்றாய். ஒரே தடவையில் கத்தி முடித்தாய். ஒரு கிழமை முழுக்க உனக்குத் தொண்டை இல்லை.

பிறகு எல்லோரும் ஆளுக்கொரு திசை. டிரம்ஸ்காரன் கட்டாருக்குப் போனான், பேஸ்காரன் கொழும்புக்கு. நீ இத்தனை வருஷமும் பிள்ளைக் காம்பராவிலேயே இருந்தாய். போன வருஷம் கண்டி ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுகூட நாம் பாட்டைப் பற்றிப் பேசவில்லை, வலியைப் பற்றித்தான் பேசினோம். உன்னை அடக்கம் செய்த அன்று சர்ச்சில் பாடினது நல்ல பாட்டுதான். உனக்குப் பிடித்திருக்காது.

துவாலையைப் போட்டுவிட்டு வந்த அன்றே ஜெரோமுக்கு போன் எடுத்தேன். நம்மைத் தவிர அந்தப் பாட்டு அவனிடம்தான் இருந்தது. அவன் இப்போது கொழும்பில் பெரிய ஆள். அந்தப் பாட்டு வெளிவந்திருக்கிற இணையப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? மலையக மரபுத் தாலாட்டு, இசையமைப்பு ஜெரோம். மரபு என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். நீ செத்து ஒரு வருஷத்துக்குள் உன்னை மரபாக்கிவிட்டான்.

"எழுதுனவ பேரு ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"மச்சான், அந்தப் பாட்ட எவன் கேட்டான்? நீங்க நாலு பேரு கேட்டீங்க. இப்ப ஒலகமே கேக்குது. நான் அதுக்கு வாழ்வு குடுத்திருக்கேன்."

"அது தாலாட்டு இல்லடா."

"கேக்குறவனுக்கு எங்க தெரியப் போகுது?"

போனை வைத்த பிறகும் அந்தக் குரல் காதுக்குள் எண்ணெய் போல ஒட்டிக்கொண்டிருந்தது.

இதைவிட மோசமானது பிறகுதான் தெரிந்தது. தர்ஷினி அந்த ஹோட்டலில்தான் வேலை பார்க்கிறாள். மசாஜ் செய்கிற அறையில். உன் மடியில் சோறு தின்ற பிள்ளை. ஒரு சாயங்காலம் ரோட்டோரம் நின்றவளை வேனில் ஏற்றிக்கொண்டேன்.

"மாமா, அந்தப் பாட்டு நாள் பூரா ஓடுது. அந்த ரூமுக்கு அதுதான் போடணுமாம். புள்ளக் காம்பரா அக்கா எனக்கு வெவரம் சொல்லியிருக்காங்க. அம்மாவுக்குச் சொன்ன சொல்லுன்னு தெரியும். தெரிஞ்சிக்கிட்டே வர்ற வெள்ளக்காரங்க முதுகத் தடவிக்கிட்டு நிக்கிறேன்."

அவளுடைய கையிலிருந்து அதே வாசனை வந்தது.

மறுநாள் மேனேஜரைப் பார்க்கப் போனேன். இளம் ஆள், மரியாதையானவர். எனக்கு நாற்காலி போட்டார், தேநீர் வரவழைத்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் முழுவதையும் சொன்னேன்: குளவி, மாரி, சாத்தின கதவு, நீ. தர்ஷினி பெயரை மட்டும் சொல்லவில்லை. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கண்கூடக் கலங்கினது போல் இருந்தது. இனிப் போட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

"எவ்வளவு உருக்கமான கதை," என்றார். "இதை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்து எல்லா அறையிலும் வைக்கலாமா? விருந்தாளிகள் இந்த மாதிரி உண்மையான விஷயங்களைத்தான் தேடுகிறார்கள்."

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அருவருப்பு. ஒரு கெட்ட எண்ணமும் இல்லாத முகத்தோடு மாரியின் சாவை மேசைமேல் பூச்சாடி போல வைக்கப் பார்த்தார். தேநீரைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

அந்தப் பாட்டை நிறுத்தினது நான் இல்லை. தர்ஷினி. கட்டிலில் குப்புறப் படுத்திருந்த ஒரு வெளிநாட்டுப் பெண், பாட்டு மனதுக்கு எவ்வளவு அமைதியாக இருக்கிறது, என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறாள். இவள் முதலில் சிரித்து மழுப்பியிருக்கிறாள். அந்தப் பெண் மறுபடியும் கேட்டிருக்கிறாள். தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் இவள் சொல்லிவிட்டாள்: குளவி வரும்போது கத்துகிற சொல், என் அம்மா கேட்கவில்லை. அந்தப் பெண் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, அதை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். பிறகு அழுதிருக்கிறாள். அதற்குப் பிறகு ஹோட்டலைப் பற்றி இணையத்தில் காரமாக எழுதியிருக்கிறாள். அந்தக் கிழமையே பாட்டை எடுத்துவிட்டார்கள். வெட்கப்பட்டு எடுக்கவில்லை, பெயர் கெட்டுவிடும் என்று எடுத்தார்கள். இப்போது அருவிச் சத்தம் ஓடுகிறதாம். தர்ஷினியைத் துணி வெளுக்கிற பக்கம் மாற்றிவிட்டார்கள். ஜெரோமுடைய தாலாட்டு வேறு எத்தனை ஹோட்டல்களில் ஓடுகிறதோ, எனக்குத் தெரியாது.

உன்னிடம் இதை வெற்றியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ இருந்திருந்தால் ஜெரோமின் வாசலில் போய் நின்று கத்தியிருப்பாய். எனக்கு உன் தொண்டை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ராகலைக்குப் போகிற வழியில் தர்ஷினி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கையில் இப்போது துணி துவைக்கிற சவர்க்கார வாசனைதான்.

"மாமா, அக்கா பாடுனது ஒங்கக்கிட்ட இருக்கா?"

"இருக்கு. ஆனா வேணாம்மா."

"போடுங்க."

வேனை ஓரமாக நிறுத்திவிட்டுப் போட்டேன். என் கிட்டார் வந்தது, கிட்டே கிட்டே வந்தது. பிறகு நீ. அவள் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வரைக்கும் ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை. பாட்டு முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் மூச்சு விட்டாள்.

"கேக்கவே முடியல மாமா," என்றாள். "அப்படியே இருக்கட்டும். யாரும் இத நல்லாக்க வேணாம்."

அப்படியேதான் வைத்திருக்கிறேன்.