பழுதானால் யார் ஓடுவது

11.05.2025, ஞாயிறு

மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சர்வர் இன்று மறுபடியும் படுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் படகுச் சாமான் வாங்க நேரே நம் கடைக்குத்தான் வருவார்கள். அந்த நேரம் பார்த்து குளச்சல், தேங்காய்ப்பட்டணம், களியக்காவிளை மூன்று கடையிலும் பில் போட முடியவில்லை.

நம் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் பார்க்கும் சிவபிரசாத்துக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிஷத்தில் வந்தான், பட்டுவேட்டியில். ஏதோ கல்யாண வீடு. வேட்டியை மடித்துக் கட்டிப் படிக்குக் கீழே படுத்து, உள்ளேயிருந்த பலகையைக் கழற்றிக் காட்டினான். உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது. பன்னிரண்டரைக்கு ஓட வைத்துவிட்டான்.

ஒரு காலத்தில் தூண்டில் முள்ளை சைக்கிளில் வைத்து விற்ற எனக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தது பெரிய கொடுப்பினை. ஆனால் இந்தப் பெட்டி இனி வேண்டாம்.

19.05.2025

நாகர்கோவிலிலிருந்து ஜெஃப்ரின் வந்தார். கடைகளின் கம்ப்யூட்டர் வேலையை கிளவுடுக்கு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். மூன்று வழி சொன்னார். எனக்குப் படகை வைத்துப் பார்த்தால்தான் புரிகிறது.

முதல் வழி, வெறும் படகை வாடகைக்கு எடுப்பது. மிஷின் எங்கோ இருக்கும். பூட்டு, பராமரிப்பு, நகல் எடுப்பது எல்லாம் நம் பாடு. இரண்டாவதில் படகையும் எஞ்சினையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், வலை மட்டும் நம்முடையது. வலை என்றால் நம் புரோகிராம். மூன்றாவது, கரையில் நின்று ஏலத்தில் மீனை எடுத்துப் போவது. ஊருக்கெல்லாம் பொதுவாகச் செய்த புரோகிராமை மாத வாடகைக்கு வாங்கலாம். இன்ஃப்ராஸ்ட்ரக்சர், பிளாட்ஃபார்ம், சாஃப்ட்வேர் என்று பெயர்களாம்.

முதல் வழிதான் மலிவு.

“பராமரிக்க ஆள் உண்டா சார்?” என்றார் ஜெஃப்ரின்.

“சிவா இருக்கான்லா” என்றேன். பக்கத்தில் நின்ற சிவபிரசாத் தலையாட்டினான்.

20.05.2025

முதல் வழி என்று முடிவு செய்தாயிற்று. என் மனைவி ஜைனம்பு மட்டும், “சிவாட்ட கேட்டியளா?” என்றாள். அவனிடம் என்ன கேட்க இருக்கிறது?

27.05.2025

சிவபிரசாத்தின் மனைவி அஜிதா வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சண்டைக்கு வரல்ல முதலாளி. ஒரு காரியம் நீங்க அறியணும். ஞாயித்துக்கிழம கடை. வெள்ளிக்கிழம நீங்க கடைய அடச்ச பொறவு, அவரு அந்தப் பெட்டியத் தொடச்சு, நகல் எடுத்துட்டு இருப்பாரு. பதினோரு வருசமா எங்க வீட்டுல கெழமையே கெடையாது. இப்ப அந்தப் பெட்டி நின்ன அன்னைக்கு எனக்க தங்கச்சிக்குக் கல்யாணம். எங்க அப்பா இல்ல. அவளக் கைபிடிச்சுக் குடுக்க வேண்டிய ஆளு உங்க படிக்குக் கீழ கெடந்தாரு.”

ஜைனம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். அதைக் குடித்துவிட்டு அஜிதா மிச்சத்தையும் சொன்னாள். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி சிவபிரசாத்தை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

“அவரு உங்கட்ட சொல்ல மாட்டாரு. உங்கள பேடிச்சு இல்ல. அந்தப் படகுப் பக்கத்த விட்டுட்டுப் போக மனசு வரல்ல. நீங்க ரெடிமேடு ஒண்ண வாங்கிப் போட்டுட்டு அவர விட்டிருங்க.”

படகுப் பக்கம் அவன் மூளையில் பிறந்தது. எங்கள் புரோகிராம் பொருளின் எண்ணைக் கேட்காது. படகின் பெயரைக் கேட்கும். பெயரைத் தட்டினால் என்ன எஞ்சின், எந்த அளவு ஷாஃப்ட், பட்டறையில் எதை வெட்டி ஒட்டினார்கள், எல்லாம் வரும். இப்படி நானூற்றுப் பன்னிரண்டு படகுகள். பக்கத்துக் கடையை விட்டு என்னிடம் வருகிறார்கள் என்றால் அதனால்தான்.

பட்டுவேட்டியப் பாத்தேன்லா — யாருக்கடே கல்யாணம்னு ஒரு வார்த்த கேட்டேனா? என்ன மனுசன் நான்?

மலிவு, மலிவு என்று துள்ளினேன். அவனுடைய வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் விலையே போடாமல் வந்த மலிவு அது.

01.06.2025

ஜெஃப்ரினிடம் மூன்றாவது வழியைக் கேட்டேன். தேங்காய்ப்பட்டணம் கடையில் இரண்டு வாரம் சோதனை. அஜிதா கேட்டதும் அதுதானே.

15.06.2025, ஞாயிறு

தடைக்காலம். படகெல்லாம் கரையில் ஏறிப் பழுது பார்க்கும் நேரம். ‘சகாயமாதா’ படகின் ஆன்ட்ரூஸ் தேங்காய்ப்பட்டணம் கடைக்குப் போய், போன வருஷம் எடுத்த அதே தண்ணீர்ப் பம்பு வேண்டும் என்றிருக்கிறார். கல்லாவில் இருக்கும் பெபிஷா புதுப் புரோகிராமைப் பார்த்துப் பொருள் எண் கேட்டிருக்கிறாள்.

“மக்ளே, எனக்கு ஆதார் எண்ணே ஓர்மயில்ல” என்றாராம்.

அவள் ஊகித்து ஒன்றைக் கொடுத்தாள். பொருந்தவில்லை. மனிதர் அதைத் தூக்கிக்கொண்டு குளச்சலுக்கே வந்துவிட்டார்.

“பாய், எனக்க பெண்டாட்டி பேர மறந்தாலும் மன்னிச்சிருவேன். படகுக்க பேர மறக்கலாமா?”

கடையே சிரித்தது. சிவபிரசாத் பழைய பக்கத்தைத் திறந்து சரியான பம்பை எடுத்துக் கொடுத்தான். ஆன்ட்ரூஸுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். முழுசாக மாற்றிய பிறகு இது நடந்திருந்தால் பாதிக் கரையை இழந்திருப்பேன்.

16.06.2025

சிவபிரசாத்தை உள் அறைக்குக் கூப்பிட்டேன்.

“அஜிதா வந்தா. எல்லாம் தெரியும். போகணும்னா போ, நல்ல கடிதம் எழுதித் தாறேன். இருக்கணும்னா நான் என்ன செய்யணும்?”

கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னான்.

“ரெண்டாவது வழி முதலாளி. பில்லும் ஜிஎஸ்டியும் ரெடிமேடு போதும். அத நம்மளவிட அவனுவ நல்லா செய்வானுவ. படகுப் பக்கம் மட்டும் நாம வச்சுக்கிடுவோம். மிஷின் நின்னா அவனுக்க ஆளு ஓடுவான். எனக்க புரோகிராம்ல தப்புன்னா மட்டும் நான் வந்தா போதும்.”

“இத மொதல்லயே சொல்லப்பிடாதா?”

“நீங்க கேக்கல்லியே.”

18.06.2025

ஜெஃப்ரினை வரச் சொல்லி என் சந்தேகத்தைக் கேட்டேன். நாளைக்கு மிஷின்காரர்கள் வாடகையைக் கண்டபடி ஏற்றினால்? வாரம் ஒருமுறை படகு விவரம் முழுவதும் நம் கைக்கும் ஒரு நகல் வரும், வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார். ஆனால் புரோகிராமைக் கொஞ்சம் மாற்றி எழுத வேண்டி வரும் என்பதையும் மறைக்கவில்லை. எழுதித் தரச் சொன்னேன். தந்தார்.

இரண்டாவது வழி. மாதத்துக்கு எவ்வளவு கூடுதல் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் வயிறு எரியும்.

30.06.2025

திருவனந்தபுரத்துக்குப் பதில் அனுப்பிவிட்டேன் என்றான் சிவபிரசாத். என்ன பதில் என்று நான் கேட்கவில்லை. மாலையில் ஜூலை மாதம் முழுக்கச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான்.

அல்ஹம்துலில்லாஹ்.

27.07.2025, ஞாயிறு

வெள்ளிக்கிழமை தடை முடிந்து படகுகள் இறங்கும். மூன்று கடையிலும் நிற்க இடமில்லை. பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டரில் படகுப் பக்கம் வேலை செய்யாமல் நின்றுவிட்டது. “சிவா” என்று கத்திவிட்டேன். அவன் வீட்டில் இருக்கிறான், ஞாயிறு லீவு என்று அப்புறம்தான் உறைத்தது. என்ன செய்வது என்று நான் முழிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டது. ஐந்து நிமிஷம் இருக்கும். பழுதைச் சரிசெய்தோம் என்று மிஷின்காரர்களிடமிருந்து மெயில். எந்த ஊரில் எவன் உட்கார்ந்து செய்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும்.

12.08.2025

சிவபிரசாத் லீவுக் கடிதம் தந்தான். இருபதாம் தேதி முதல் ஒன்பது நாள். பதினோரு வருஷத்தில் அவன் தந்த முதல் லீவுக் கடிதம்.

“எங்க போறிய?”

“தெரியாது முதலாளி. அஜிதா இன்னும் சொல்லல்ல.”

என்னிடம் இதுவரை வந்த லீவுக் கடிதங்களில் சாவு இருக்கும், காய்ச்சல் இருக்கும், பிரசவம் இருக்கும். இவன் காரணம் என்ற இடத்தில் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதியிருக்கிறான்.

ஒன்பது நாளா என்று தொண்டை வரை வந்தது. கையெழுத்துப் போட்டேன்.